சொன்னவர்களே வந்து பெற்றுக்கொள்ளவும்

தொட்டிவலசில் வியாழக்கிழமை சந்தை கூடும், மாடு வரும், எருமை வரும், இரண்டையும்விட அதிகமாகப் பொய் வரும், வந்த பொய்யையெல்லாம் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசித் தீர்த்துவிட்டு மனுசர் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவார்கள் என்று இருந்த காலத்தில்தான், என் மகள் தர்ஷிகாவின் காதுக்கு வெளியே நாலே முக்கால் வருசமாக நின்றுகொண்டிருந்த சத்தங்களுக்கு ஒருநாள் கதவு திறந்தது.

நான் மாட்டுத் தரகன் நாச்சிமுத்து. உடம்பில் மயிர்ச்சுழி தப்பான இடத்தில் விழுந்த மாட்டை ராசியில்லை என்று ஊரே ஒதுக்கும், அதையும் விற்றுக் கொடுத்தவன். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லுவதில்லை. வாங்குகிறவனும் தரகனும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையை அழுத்தினால் பேரம் முடிந்தது என்று கணக்கு. அந்த நேரத்தில் வாய் மட்டும் மழை எப்போது வரும், மருமகளுக்கு எத்தனை மாசம் என்று பேசிக்கொண்டிருக்கும். தர்ஷிகா நடக்கப் பழகியதிலிருந்து என் மடியில் உட்கார்ந்து அந்தத் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தே வளர்ந்தவள். இரண்டரை வயதில் சோற்றுக்குப் பேரம் பேசினாள். நான் ஆறு வாய் என்று ஆறு விரல் பிடிப்பேன், அவள் இரண்டு பிடிப்பாள், நாலில் முடியும். சந்தையில் இருபது வருசம் நின்ற ஆளுக்கு அவ்வளவு சுத்தமாக விரல் பேசாது.

காது கேட்காது என்று தெரிந்தது அவளுடைய ஒன்றரை வயதில். பெட்ரோல் பங்க் முக்கில் லாரி டயர் ஒன்று வெடித்து, தெருவே வெளியில் ஓடிவந்து, கட்டுத்தறியில் நின்ற எருமை இரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டன. பத்தடி தூரத்தில் தொட்டிலில் கிடந்தவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை செய்து, இரண்டு காதும் உள்ளே வேலை செய்யவில்லை, காதுக்குப் பின்னால் மாட்டுகிற சாதாரண மிசினுக்கும் எடுபடாது, ஆறு வயதுக்குள் அறுவை செய்தால் அரசாங்கக் காப்பீட்டிலேயே முடியும், சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். சீக்கிரம் போனேனா என்றால் இல்லை. காதில் எண்ணெய் விட்டவன், நாக்கில் வசம்பு தேய்த்தவன், தானாகப் பேச்சு வந்துவிடும் என்று அடித்துச் சொன்னவன் என்று மூன்று வருசம் அலைந்தேன். அந்த ஆட்களைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

அந்த மூன்று வருசத்தில் சந்தை ஒரு காரியம் செய்தது. விலையைத் துண்டுக்குள் மறைக்கிற ஊரில் மற்றதை மறைக்க இடமில்லை. மனசில் கிடப்பதை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும், இறக்கி வைத்தால் நாலாம் வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொருத்தராக வந்து என் மகள் பக்கத்தில் குத்தவைத்து, அவள் கையில் ஒரு தேன்மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அவள் காதில் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். என் தொழிலில் எனக்கு ஜென்மப் பகையாளியான குப்பண்ணன்கூட வந்தார்.

"உன்ற புள்ள பேங்க் லாக்கர் மாதிரியப்பா. போட்டா போட்டதுதான்" என்றார்.

தர்ஷிகா மிட்டாயைச் சப்பிக்கொண்டு அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காதுக்குள் போகாத சத்தம் எங்கே போகும் என்று இத்தனை பேரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் படம் போட்டு விளக்கினார். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, உள்ளே நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் இடத்துக்குள் மயிரிழைக் கம்பியைச் செலுத்தி, தோலுக்கு அடியில் ஒரு காந்தம் வைத்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறியதும் வெளியே ஒரு வில்லையை அந்தக் காந்தத்தில் ஒட்டவைத்தால், காதில் மாட்டின மிசின் சத்தத்தை மின்சாரமாக்கி உள்ளே அனுப்பும். மயக்க மருந்து டாக்டர் மூன்று மணி நேரம் ஆகும் என்றார். ஒன்றரையில் முடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டே காலுக்கு ஏறி வந்தேன். தங்கமணி, அதாவது என் வீட்டுக்காரி, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். மூன்று மணி நேரம்தான் ஆனது, ஒரு நிமிசம் குறையவில்லை, அந்த மூன்று மணி நேரமும் நான் ஆஸ்பத்திரிச் செக்யூரிட்டியுடன் செருப்பு விடுகிற இடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

நாலு வாரம் கழித்து மிசினை ஓடவிடுகிற நாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனாசிர் மிஸ் வில்லையை ஒட்டவைத்து, கம்ப்யூட்டரில் 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தத்தை அனுப்பினார். தர்ஷிகா அசையவில்லை. இரண்டாவது தரம் அனுப்பினார். அப்போது அந்த வில்லைக்குள்ளிருந்து ஒரு டயர் வெடித்தது. மேசைமேல் இருந்த பொம்மைகள் விழுந்தன, மின்விசிறி ஒரு சுற்று நின்று யோசித்துவிட்டுச் சுற்றியது, தர்ஷிகா வீறிட்டு அழுதாள். மிஸ் தன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"பாப்பாவோட அப்பா, இது நான் குடுத்த சத்தம் இல்லையே."

"இல்லீங் மிஸ். இது எங்கூரு பங்க் முக்குல வெடிச்ச டயரு. மூணு வருசத்துக்கு மேல ஆச்சுங்."

"இத்தன நாளா எங்க இருந்துச்சாம்?"

"வெளியதான் நின்னிருக்கும்ங். உள்ள உடலீன்னா எங்கீங் போகும்?"

அவர் தலையாட்டினார். அடுத்தது ஒரு இடி வந்தது, அதற்கடுத்தது தேர்தல் நேரத்து ஒலிபெருக்கி. கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு மிஸ் சொன்னார், சத்தங்கள் பிறந்த தேதிப்படி வரவில்லை, பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி பலசாலி முதலில் ஏறுகிறான், மெலிந்தவன் கடைசியில் நிற்கிறான் என்று.

"இதெல்லாம் வந்து முடிச்சாத்தான் இன்னைக்குச் சத்தம் உள்ள போகும். நீங்க பால்னு சொல்லிப் பாலக் காட்டுறப்ப இவ காதுல லாரி ஓடுனா, வாயையும் வார்த்தையையும் இவ எப்படிச் சேப்பா? பேச்சு பிடிக்கிற வயசு இது. ஆறு தாண்டிட்டா ரொம்பக் கஷ்டம்."

"மொத்தம் எத்தன நாளுங் ஆகும்?"

"நாலே முக்கா வருசச் சத்தம். வந்து முடிய நாலே முக்கா வருசம்."

"பாதியா முடிச்சுக் குடுங்."

"நான் விக்கிறவ இல்லைங்கப்பா" என்றார் மிஸ். "ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது மாட்டி வையுங்க. வேற வழியில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் என் மகளின் வில்லையிலிருந்து இடைவிடாமல் ஹாரன் அடித்தது. முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டு, பஸ்ஸுக்குள்ளேயே ஒரு ஆள் போகும் பாதை உண்டாகிவிட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது என்ற ஹாரனுங்க. நாலாம் நம்பர் பஸ் ஓட்டுனப்ப. இந்த இழுப்பு வேற யாருக்கும் வராது. ஆமா, நான் அடிச்சதுதான்."

சொன்ன மாத்திரத்தில் ஹாரன் நின்றது. அந்த ஒரு ஹாரன் மட்டுமில்லை, அந்த மனுசன் நாலே முக்கால் வருசத்தில் எங்கள் வீட்டைக் கடக்கும்போது அடித்த அத்தனையும் வரிசையிலிருந்து விலகி அவரோடு ஏறிக்கொண்டன. அன்றைக்கு அவர் பஸ் கொஞ்சம் பாரமாகத்தான் ஓடியது. எனக்கு மூளையில் பட்டது. மாட்டை ஓட்டி வந்தவன்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். சொன்னவன் வந்து ஆமாம் என்னுதுதான் என்றால் சத்தம் போய்விடும்.

ஊர் சேர்ந்ததும் சந்தை வாசலில் பலகை எழுதிக் கட்டினேன். 'தர்ஷிகாவின் காதுக்கு வெளியே நிற்கும் சத்தங்களைச் சொன்னவர்களே வந்து பெற்றுக்கொள்ளவும். வியாழன் தோறும். தவறினால் வீடு தேடி வந்து சட்டையைப் பிடிப்பேன்.' கடைசி வரியை அழிக்கச் சொல்லி பஞ்சாயத்து கிளார்க் சொன்னார். அழிக்கவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக ரேசன் கடை திறந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. விடியும் முன்பே செருப்பையும் கல்லையும் வரிசையில் வைத்து இடம் பிடித்தார்கள். மைக்செட்காரர் தன் பாட்டுகளைத் தள்ளுவண்டி கொண்டுவந்து வாங்கிப் போனார். மாரியம்மன் நோன்பு அன்றைக்கு விழுந்த இடியைக் கேட்டு மூன்று சம்சாரிகள் அது தன் தன் வயலுக்கு வந்த மழையின் இடிதான் என்று அடித்துக்கொண்டு, கடைசியில் முதலில் உருண்டதை ஒருத்தரும் நடுவில் முறிந்ததை ஒருத்தரும் வாலை ஒருத்தருமாகப் பிரித்துக்கொண்டார்கள். கட்சிக்காரர் மட்டும் தன் வாக்குறுதிகளைக் கேட்டுவிட்டு, "இது நான் பேசுனதான்னு தலைமையக் கேட்டுத்தான் சொல்லோணும்" என்று நழுவப் பார்த்தார். கதவைச் சாத்திவைத்து ஆமாம் சொல்ல வைத்தேன். எருமைகளை வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொன்றும் தன் கத்தலைக் கேட்டதும் தலையை ஒரு ஆட்டு ஆட்டி வாங்கிக்கொண்டது, மனுசரைவிட நாணயமாக. பாலக்காட்டுக்கு விற்றுப்போன எருமைகளுக்கு வீடியோ கால் போட்டோம்.

சந்தையைவிட்டு வெளியே போகும் மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குகிறவர் சத்தத்துக்கும் சீட்டுக் கிழிக்க வந்தார்.

"சந்தைக்குள்ளிருந்து வெளிய போகுதில்ல நாச்சிமுத்து? அப்ப சுங்கம் உண்டு."

"தலைக்குத்தானே சுங்கம்? இதுல தலையக் காட்டுங், தர்றேன்."

வில்லையை எட்டிப் பார்த்துத் தேடிவிட்டு, கிழித்த சீட்டைத் திரும்ப ஒட்டிக்கொண்டு போனார்.

சந்தை வாட்ச்மேன் கந்தப்பன் இரண்டு வருசம் முன்பு இறந்துவிட்டார். அவருடைய இருமலை வாங்க அவர் மகன் வந்தான். வந்தவன் வாங்காமல் உட்கார்ந்துகொண்டான். "ஆமாம்னு சொல்லுடா, பின்னால கூட்டம் நிக்குது" என்றேன். "இருங்ணா, இன்னொருக்கா இருமட்டும்" என்றான். மூன்று வியாழன் இப்படியே வந்து உட்கார்ந்திருந்தான். என் பிள்ளைக்கு வயசு ஓடுதுடா என்று கத்தினேன். நாலாம் வியாழன் எழுந்து, கைகூப்பி, ஆமாம் எங்கப்பாதுதான் என்று வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு முழுக்க நான் யாரிடமும் சண்டை போடவில்லை.

இத்தனைக்கும் நடுவில் தர்ஷிகாவுக்கு அந்த மிசின் பிடிக்கவில்லை. பின்னே, கண்ணுக்குத் தெரியாத லாரி தலைக்குள் ஓடினால் யாருக்குப் பிடிக்கும்? தினம் காலையில் துண்டைப் போட்டு அவளோடு பேரம். நான் பத்து மணி நேரம் என்று பத்து விரலையும் பிடிப்பேன். அவள் ஒரே ஒரு விரலைப் பிடிப்பாள், அதுவும் சுண்டுவிரலை. எட்டுக்கு வருவேன், ஏழுக்கு வருவேன், மிட்டாய் காட்டுவேன், கண்ணை உருட்டுவேன். மூன்றுக்கு மேல் ஒருநாளும் ஏறவில்லை. மூன்று மணி நேரம் முடிந்ததும் வில்லையைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு எருமைக்கன்றோடு விளையாடப் போய்விடுவாள். அவளுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. மிஸ் ஒவ்வொரு தரமும் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இடி முடிந்து, ஹாரன் முடிந்து, எருமை முடிந்து, சண்டைகள் முடிந்து, சாதாரணப் பேச்சும் முடிகிற நேரத்தில்தான் சந்தைக்கு உறைத்தது. பலசாலிகளெல்லாம் போய்விட்டார்கள். இனி வரப்போவது காதோடு காதாகச் சொன்னது.

ஒரு திங்கட்கிழமை சந்தைத் திடலில் எல்லோரும் கூடி என்னை வரச் சொன்னார்கள். குப்பண்ணன்தான் பேசினார், வேர்த்திருந்தது.

"மாப்ளே, புள்ளைக்குக் காது வரட்டும், யாரும் வேண்டாம்னு சொல்லுல. வியாழக்கெழம மட்டும் அந்த வில்லையக் கழட்டி வெச்சிரு."

"மிச்ச நாள்ல வந்தா உங்குளுதக் கேக்க யாருங் இருப்பா?"

"அதைத்தான் சொல்றேன். யாரும் இருக்க வேண்டாம்."

"அப்ப யாருங் ஆமாம்னு சொல்லுவா? எம்புள்ள இன்னும் ரண்டு வருசத்துக்கு உங்கு ரகசியத்தக் கேட்டுட்டு உக்காந்திருக்கோணுமா? மிட்டாய் குடுத்துக் காதுல ஊத்துனீங்கல்ல, வந்து அள்ளிட்டுப் போங்." எனக்குக் கோபம் வந்து துண்டை உதறித் தோளில் போட்டேன். "வராதவன் மாட்டுக்கு இனி இந்தச் சந்தையில நான் கை குடுக்கமாட்டேன்."

கூட்டம் கலைந்தது. நியாயம் என் பக்கம் இருந்த மாதிரித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. துண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

சோதனைக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மைத்துனன் சென்னியப்பன் சந்தையில் வண்டி ஓரமாக என் பக்கத்தில் நின்றான். தர்ஷிகா என் தோளில் கிடந்தாள். நான் அவனிடம் ஒன்று சொன்னேன். என் ஆயுசில் கத்தாமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அதைவிட மெதுவாக இந்த ஊரில் யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் அதுதான் வரிசையில் கடைசி.

சென்னியப்பனைத் தேடிப் போனேன்.

"மாப்ளே, அன்னைக்கு நான் சொன்னத நீ சொன்னதுன்னு வாங்கிக்க. உனக்கு நல்ல கறவையா ஒண்ணு பாத்துத் தர்றேன்."

"எது மாமா?"

"அதாண்டா. அந்தக் கவுறு."

அவன் கீழே பார்த்தான். அவனும் மறக்கவில்லை. "சொல்லிப் பாக்கறேன் மாமா. ஆனா கொரலு உங்களுதாச்சே" என்றான்.

வியாழன் வந்தது. ரகசியங்கள் வந்தன. முதலில் வந்தது குப்பண்ணனுடையது. 'கண்ணு, இன்னைக்கு வித்த காளைக்குக் கொம்புல சூ பாலீசு போட்டிருக்கேன், மூஞ்சி நரைக்கு மையி, சாமிகிட்டச் சொல்ல வெக்கமா இருக்குது, உங்கிட்டச் சொல்றேன்.' இப்படி நூற்றுப்பன்னிரண்டு. மனுசன் வெளுத்துப்போய் எழுந்து நின்று, ஆமாம் நான் சொன்னதுதான் என்றார். அந்தக் காளையை வாங்கினவர் பீடியை அணைத்துவிட்டு, "தெரியுமுங். அன்னைக்கே கையில ஒட்டுச்சு. நம்மகிட்ட வித்துட்டமேன்னு நீங்க சந்தோசமா இருந்தீங்க, கெடுப்பானேன்னு உட்டுட்டேன்" என்றார். இப்படியே ஆயிற்று. தங்கச்சி நகையை அடகு வைத்தவன், பால்மானியைத் திருத்தினவன், மாமியார் செத்தபோது மனசுக்குள் சிரித்தவள், எல்லோரும் வந்து ஆமாம் சொன்னார்கள், எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் தெரியும் என்றார்கள். சுங்கக்காரருக்கு வருத்தமாகிவிட்டது. அவர் ரகசியம் என்று ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் அவர் என் மகளிடம் 'சாப்பிட்டியா சாமி' என்று கேட்டது மட்டும்தான். அதைப் பெற்றுக்கொள்ள அவர் எல்லோரையும்விட அதிகமாகக் கூச்சப்பட்டார்.

அடுத்த புதன்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் வில்லைக்குள்ளிருந்து பாட்டு வந்தது. தங்கமணியின் குரல். ராகமும் இல்லை, ஒழுங்கான வார்த்தையும் இல்லை. குழம்பு வை, வேட்டி துவை, கன்னுக்குட்டி மேயுது, தங்கம் தூங்குது என்று வேலை செய்கிற கைக்கு ஏற்ற மாதிரி ஒரு பாட்டு. கேட்காது என்று தெரிந்த பின்னும் மூன்று வருசம் தினம் பாடியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

"கேக்காத புள்ளைக்கு எதுக்குடி பாடுன?"

"நீங்க சத்தம் போடுவீங்கன்னுதான் மெதுவாப் பாடுனேன்."

அவள் கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றாள். வில்லை அமைதியாகிவிட்டது. ஆனால் நான் பக்கத்தில் டம்ளரைத் தட்டியும் தர்ஷிகா திரும்பவில்லை. அப்படியென்றால் வரிசையில் இன்னும் ஒன்று நிற்கிறது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தங்கமணி, ஒண்ணுதான பாக்கி. அது இல்லாமயே உட்ற முடியாதான்னு மிஸ்ஸக் கேக்கலாம். இல்லாட்டி நாளைக்கு ஒருநாள் கழட்டி வெச்சிரலாம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நான் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். நீங்க சொன்னத அன்னைக்கே கேட்டுட்டேன். உங்களுக்குத்தான் இன்னும் கேக்குல."

நான் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

வியாழன் காலை துண்டைப் போட்டு உட்கார்ந்தோம். பத்து பிடித்தேன். ஒன்று பிடித்தாள். மூன்றில் முடிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். பலகையில் எழுதினது நான். சொன்னவர்களே வந்து என்று எழுதினதும் நான். சந்தையே வட்டமாக நின்றது. பெனாசிர் மிஸ்ஸும் ஊரைப் பார்க்கவேண்டும் என்று பஸ் ஏறி வந்து, ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்திருந்தார். வில்லையை ஒட்டவைத்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, கொசு மாதிரி. என் குரல். ஆனால் என் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

'சுழி தப்புன மாட்டையெல்லாம் நான் ஊருக்கு வித்தேன் மாப்ளே. எனக்கு ஒண்ணு சுழி தப்பிப் பொறந்திருக்குது. இதே மாடா இருந்தா, சந்தையிலயே கவுத்த அவுத்து உட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்திருப்பேன்.'

சென்னியப்பன் சொன்ன வாக்குக்காக முன்னால் வந்து, "ஆமா, அது நான் சொன்னது" என்றான். சத்தம் அவனை மதிக்கவேயில்லை. மறுபடியும் முதலிலிருந்து வந்தது. சுழி தப்புன மாட்டையெல்லாம். மூன்றாம் தரம் வந்தது. ஒருத்தரும் தெரியும் என்று சொல்லவில்லை. குப்பண்ணன் மண்ணைப் பார்த்தார், சுங்கக்காரர் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், ஒரு எருமை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வில்லை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. காந்தம்தானே, இழுத்தால் வந்துவிடும். கையை நீட்டினேன்.

தர்ஷிகா என் கை வருவதைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரையில் நான் கை நீட்டினால் அது ஒன்றுக்குத்தான். என் தோளிலிருந்து துண்டை உருவி இரண்டு கைக்கும் மேலே போட்டாள். துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, என்ன விலை என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். நாலாம் தரம் வந்தது. கவுத்த அவுத்து உட்டுட்டு.

"ஆமா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. பிறகு நான் சந்தையில் வழக்கமாகப் பேசுகிற சத்தத்தில் சொன்னேன். "ஆமா. நான் சொன்னதுதான்."

வில்லை நின்றது. சந்தையும் நின்றது. தர்ஷிகா என் வாயைப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டாள். மறுபடியும் என் வாயைப் பார்த்தாள். அவளுடைய காதுக்குள் போன முதல் புதுச் சத்தம் அதுதான், வாயும் வார்த்தையும் ஒரே இடத்தில் இருந்த முதல் சத்தம். அவள் உதட்டைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தாள்.

"ஆ... மா."

மிஸ் நேரத்தைக் குறித்தார். பேனா எழுதவில்லை, உதறி உதறிக் குறித்தார்.

எருமை கத்தியது. தர்ஷிகா திரும்பி அதனிடமும் ஆமா என்றாள். பங்க் முக்கில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அவனிடமும் ஆமா என்றாள். அவ்வளவுதான், சந்தைக்கு அன்றைக்கு மாடு விற்கிற எண்ணமே போய்விட்டது. ஒவ்வொருத்தராக வந்து அவள் முன்னால் குத்தவைத்து, இந்தத் தரம் சத்தமாகவே, ஊர் கேட்கவே கேட்டார்கள். என்ற காளை நல்ல காளைதானே கண்ணு என்றார் குப்பண்ணன். ஆமா. மழை வருமா சாமி என்றார் சம்சாரி. ஆமா. சத்தத்துக்குச் சுங்கம் உண்டுதானே என்று சுங்கக்காரர் கேட்டு, ஆமா வாங்கிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். தங்கமணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கும் கேட்பதற்கு ஒன்று இருந்தது. ஆமா என்று வந்தால் நான் பிழைத்தேன். ஆனால் அவள் இன்றைக்கு எல்லாவற்றுக்கும்தான் ஆமா சொல்கிறாள். அப்படி வாங்கினால் அது குப்பண்ணன் கொம்புக்குப் பூசின பாலீஷ்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் முடிந்தது. வழக்கப்படி வில்லையைப் பிடுங்கப் போகிறாள் என்று சட்டைப்பையை விரித்துப் பிடித்தேன். அவள் பையைத் தள்ளிவிட்டு, துண்டை எடுத்து மறுபடியும் எங்கள் கைகளின் மேல் போட்டாள். நான் விலை எதுவும் சொல்லவில்லை. துண்டுக்குள் அவள் சின்னக் கைகள் என் இடது கையின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தன, விட்டன, பிறகு வலது கையின் ஐந்தையும் பிடித்தன.

பத்து.

பழக்கதோசம், பதினொன்று கேட்டுப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. கேட்கவில்லை. அவள் உள்ளங்கையை அழுத்தினேன்.